ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை

எங்கள் மேசையில் செத்தவர்களை எழுப்பும் உரிமை ஒருத்திக்கு மட்டும்தான் உண்டு. பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இன்றும் அங்கிருந்தே தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வேலைக்கு வருகிறவள். தொலைபேசி நிறுவனமொன்றில் வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்வது அவள் தொழில். வாரம் முழுக்கச் சம்பளத்துக்குப் பேசுகிறாள், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு இனாமாகப் பேசுகிறாள். தாயக்கட்டை சரியாக விழாவிட்டால் அதையும் நிறுத்தி வைத்து ஏசுவாள்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மதியம் என் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டியதும் மேல்மாடி அறையில் நான்கு பேர் கூடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகத் தாயக்கட்டை முடிவுசெய்யும். கதை நடத்துகிறவன் நான். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், கள்வனாக வருவான். அவள் பிண மந்திரக்காரி. நாலாவது ஆளைப் பிறகு சொல்கிறேன், இந்தக் கதையே அவருடையது. "செத்தவங்கள எழுப்புற வேலையெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று என் மனைவி கேட்காத ஞாயிறு இல்லை. கேட்டுக்கொண்டே மீன் வைத்த மாலு பாணும் தேத்தண்ணியும் மேலே அனுப்பிவைப்பாள்.

விதிப் புத்தகம் பிண மந்திரக்காரிக்குச் சில உருமாற்று மந்திரங்களைக் கொடுத்திருந்தது. அவள் ஓநாயாகலாம், வௌவாலாகலாம், பனிமூட்டமாகலாம். வாசித்துவிட்டு அவள் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஓநாயை இந்த நாட்டில் கண்டவர் யார், பனிமூட்டம் பன்விலயில் காலையில் வேலைக்குப் போகும்போதே காலைச் சுற்றிக்கொண்டு வருகிறதே, அதற்கு யார் பயப்படுவது என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு தன் சொந்த மந்திரங்களோடு வந்தாள். அவளுடைய பிண மந்திரக்காரி ஓநாயாக மாட்டாள், குளவிக் கூட்டமாவாள்.

"குளவின்னு ஒருத்தர் கத்துனாப் போதும் நானா, மொத்த மலையும் கூடையப் போட்டுட்டு ஓடும்" என்றாள். நானா என்றால் அண்ணன், எங்கள் முஸ்லிம் ஆட்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் லேசில் விடுகிறவன் அல்ல. விதிகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்படி ஒரு மந்திரத்தைச் சும்மா கொடுத்தால் ஆட்டமே அவள் கைக்குப் போய்விடும் என்றேன். அவள் அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். குளவியாக இருக்கும்வரை கையில் எதையும் பிடிக்க முடியாது, வைத்திருந்ததெல்லாம் கீழே விழுந்துவிடும், யாராவது புகை போட்டால் மந்திரம் அத்தோடு கலைந்துவிடும். இரண்டாவது மந்திரத்தில் அவள் இரத்தம் உறிஞ்சும் அட்டையாவாள். யாருக்கும் தெரியாமல் எங்கும் நுழையலாம், ஆனால் சவர்க்காரம் பூசிய காலில் ஏற முடியாது. அதன்பிறகு எங்கள் கதையில் வரும் அரச காவலர்கள் எல்லாரும் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு காவல் நிற்க வேண்டியதாயிற்று. மச்சான் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தான்.

அவளுடைய கொள்கை ஒன்றுதான். "மாறுனா எதையாவது விட்டுட்டுத்தான் மாறணும். சும்மா மாறுறதுக்கு அது என்ன சட்டையா?" கண்ணாடி பொருத்தும் தொழிலில் எனக்கு இது நன்றாகப் புரியும். ஒருவருடைய கண்ணாடி இன்னொருவருக்குச் சரிவராது, ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக் கேட்டுத்தான் பொருத்த வேண்டும். அவள் மந்திரங்களைப் பொருத்துவதும் அப்படித்தான். அந்தப் பொறுமையை நான் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. இப்போது புகழ்கிறேன்.

நாலாவது ஆள் எங்கள் சேர். யாழ்ப்பாணத்தவர், கலியாணம் முடித்துக் கண்டியோடு தங்கிவிட்டவர், உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி டியூஷன் எடுப்பவர், அதனால் எல்லாருக்கும் அவர் சேர்தான். ஒருமுறை பாடத்தின் நடுவில் கரண்ட் போய் ஒலிவாங்கி செத்துவிட்டதாம், கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகளுக்கு அது தெரியவே இல்லையாம். அப்படிப்பட்ட குரல். எங்கள் மேசையில் அவர் கோடரி தூக்கிய போர்வீரன். சண்டைக்குள் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் "வாறன், வழி விடு!" என்று ஒரு குரல் கொடுப்பார். பக்கத்துப் பேக்கரிக்காரர்கள் அதைக் கேட்டு, மேலே யுத்தம் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் கேட்க நமக்கு என்ன உரிமை என்று நான் நினைத்தேன். சேர் அப்படி நினைக்கவில்லை. வகுப்புகளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். நாங்கள் பார்க்கப் போனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுதினால் பேசிக் காட்டும் செயலி ஒன்றை யாரோ தொலைபேசியில் போட்டுக் கொடுத்தார்களாம். ஒரு வசனம் கேட்டுவிட்டு, தொலைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டார் என்று அவருடைய மனைவி வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார். தன்னோடுகூட இப்போது கையால்தான் பேசுகிறார், வேறு யாரோடும் அதுவும் இல்லை என்றார். சேரை இப்படியே விட்டால் அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துபோவார் என்ற பயம் எங்கள் மூன்று பேருக்கும் அன்று பிடித்துக்கொண்டது.

பிறகு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "என்ர ஆளைச் சாகடிச்சு விடுங்கோ. எனக்காக ஆட்டத்தை நிப்பாட்ட வேண்டாம்."

கேட்டவர் அவர், மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அந்தப் போர்வீரனின் சாவுக்குத் தாயக்கட்டை உருட்ட யாருக்கும் மனம் வரவில்லை. பாலமொன்றில் தனியாக நின்று எதிரிகளைத் தடுத்து, மற்ற இருவரையும் அக்கரை சேர்த்துவிட்டு அவன் விழுந்தான் என்று நானே கதையை முடித்தேன். பிணத்தை என்ன செய்வது என்று வந்தபோதுதான் மச்சான் அவசரப்பட்டான்.

"மய்யித்த வச்சிட்டு ஈக்கப்படாது, பொழுது போறதுக்குள்ள அடக்கணும்" என்றான். அது எங்கள் வீட்டு வழக்கம், அவன் வாயில் தானாக வந்துவிட்டது. எனக்கும் அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. கிழக்குப் பார்த்த மலைச்சரிவில், ஒரு தேக்குமரத்தடியில், கோடரியோடு சேர்த்து அவனை மரியாதையாக அடக்கினோம். அவள் மேசையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் சாவு ஊர்வலத்துக்கு முன்னால் தப்பு என்ற பறையை அடித்துக்கொண்டு போவார்கள், அதைத்தான் தட்டினாள் என்று பிறகு சொன்னாள்.

அன்று பின்னேரமே சேருக்கு எல்லாவற்றையும் விரிவாக எழுதி அனுப்பினேன். வீரன் எப்படி நின்றான், எப்படி விழுந்தான், எங்கே அடக்கினோம் என்றெல்லாம். பதில் வராது என்றுதான் நினைத்தேன். உடனே வந்தது.

"என்னை ஏன் தாட்டனீங்கள்? எங்கட ஆக்களை எரிக்கிறதெல்லோ முறை. இதுகூடத் தெரியாதே உங்களுக்கு?"

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றான். நானும் வெட்கப்பட்டுப் போனேன். எங்கள் கையால் ஒரு இந்துவை அடக்கிவிட்டோமே, அதுவும் இத்தனை வருடச் சிநேகிதரை. இருவரும் தலையில் கை வைத்திருக்க, அவள் மட்டும் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்தாள்.

"கோவம் வருதுன்னா சேரு இன்னும் மேசைய விட்டு எந்திரிக்கல நானா" என்றாள். "'என்னை'ன்னுதான் எழுதியிருக்காரு, பாருங்க." பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினாள். சாம்பலாகிப்போனவனை எந்த மந்திரத்தாலும் எழுப்ப முடியாது. மச்சான் அவசரத்தில் செய்த பிழை அவளுக்கு முழு உடம்பாக ஒரு பிணத்தை மிச்சம் வைத்திருந்தது.

எழுப்பும் மந்திரம் புத்தகத்தில் இருக்கிறதுதான். அதை அப்படியே சொல்லிவிடு, ஒரு நிமிட வேலை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. புத்தகப்படி எழுப்பப்பட்ட பிணம் எழுப்பியவளுடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டே நடக்கும். தானாக ஒரு அடி வைக்காது.

"செத்த பொறகும் ஒரு கங்காணிக்குக் கீழயா? நம்ம சேரயா? நான் மாட்டேன்" என்றாள்.

அன்று தொடங்கியது அவளுடைய வேலை. வாரக்கணக்கில் ஆட்டத்தைத் தள்ளிவைத்தோம். வேலை முடிந்து பஸ் ஏறுமுன் கடைக்கு வருவாள், கண் பரிசோதிக்கும் கதிரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, புதிதாகச் செய்த மந்திரத்தை என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். ஓட்டை இருந்தால் நான் சொல்வேன். அநேகமாக இருந்தது. வீரனை ஆவியாக்கினாள், ஆவியால் கோடரியைப் பிடிக்க முடியாது. நிழலாக்கினாள், வெயில் போனால் அவனும் போய்விடுவான். எந்த உருவத்தைக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டினாள். எங்கள் ஆட்டம் வாயால் ஆடுவது. வீரன் எழும்பி வந்தாலும் அவனுக்காக யார் பேசுவது?

சேர் எழுதிக் காட்ட, நான் அதை வாசிக்கிறேனே என்றேன். அது மட்டும் வேண்டாம் என்றாள். அவர் எழுதி முடிக்கும்வரை எல்லாரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு காத்திருப்போம், அதைவிட அவரை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்றாள். நியாயமான பேச்சு. எனக்குப் பட்டிருக்க வேண்டும், படவில்லை.

பிறகு ஒரு நாள் அவள் கடைக்குள் வந்த வேகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. உட்காரக்கூட இல்லை. இத்தனை நாளும் பிழையான ஆளை மாற்றிக்கொண்டிருந்தேன் என்றாள். புத்தகத்தில் எல்லா எழுப்பும் மந்திரமும் செத்தவனைத்தான் மாற்றுகிறது, மந்திரக்காரி அப்படியே இருக்கிறாள். தான் செய்யப்போகும் மந்திரத்தில் வீரன் அப்படியே இருப்பான், மாறுகிறவள் மந்திரக்காரி. வீரனுக்கு நாக்கு இல்லை என்றால் அவன் நிற்கும்வரை அவளுக்கும் நாக்கு இருக்காது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் விடியற்காலை தப்புச் சத்தம் கேட்டால் அது வேலைக்கா, கலியாணத்துக்கா, சாவுக்கா என்று படுத்த பாயிலேயே எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, அதுபோலத் தட்டிப் பேசுவோம் என்றாள். ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை. அதற்கு மேல் வேண்டியதை மேசையில் பார்த்துக்கொள்ளலாம்.

அது மந்திரத்தில் மட்டும்தானே, விளையாடும்போது நீ பேசலாம்தானே என்று கேட்டேன். இல்லை, தானும் வாய் திறக்க மாட்டேன் என்றாள். ஒரு சொல் வந்தாலும் வீரன் அந்த இடத்திலேயே சாம்பலாகிவிட வேண்டும், பிறகு அவளே நினைத்தாலும் எழுப்ப முடியாது.

"தாயக்கட்டையோடயே சண்ட பிடிக்கிறவள் நீ. உன்னால ஏலுமா?" என்றேன்.

"ஏலாட்டி அது என் வில. வில இல்லாம எப்ப நான் மந்திரம் செஞ்சிருக்கேன்?"

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அவளுடைய வாயை நம்பி சேரை அழைத்து வந்து, அவர் கண்முன்னால் அவருடைய வீரனை இரண்டாம் முறை சாகவிட்டால், அந்த மனிதர் பிறகு இந்தப் படியேறுவாரா? அந்தக் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். தளர்த்தினால் அது இரக்கமாகிவிடும், இரக்கத்தைச் சேர் மோப்பம் பிடித்துவிடுவார் என்றாள். ஒன்றை மட்டும் நான் சேர்த்தேன். பொழுது சாய்ந்ததும் வீரன் மண்ணுக்குள் திரும்பிவிட வேண்டும், அவளுக்குக் குரல் திரும்ப வேண்டும். பொழுது சாய்வதென்றால் அவளுடைய பன்வில பஸ் புறப்படும் நேரம்.

சேரை அழைக்கும் விதத்தையும் அவளே மந்திரத்துக்குள் வைத்திருந்தாள். வாங்க என்று கெஞ்சவில்லை. மந்திரத்தை முழுதாக எழுதி அவருக்கு அனுப்பினாள். செத்தவன் சம்மதிக்காமல் எழுப்புவதில்லை, சம்மதத்தை மேசையில் தட்டித்தான் சொல்ல வேண்டும், செய்தி செல்லாது என்று கடைசியில் ஒரு வரி. அவர் வாசித்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை.

அந்த ஞாயிறு மழை. எதிர்பார்க்கக் கூடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டே நாலாவது கதிரையையும் இழுத்துப் போட்டிருந்தோம். படியில் காலடி கேட்டது. முன்பெல்லாம் சேர் பாதிப் படியிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். இப்போது கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, நனைந்த குடையோடு வாசலில் நின்றார். மச்சான் எழுந்து அடக்கம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். சேர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொல்லிவிட்டு, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

நான் கதையைத் தொடங்கினேன். மலைச்சரிவு, தேக்குமரம், ஈர மண். அவள் மந்திரத்தைச் சொன்னாள். நல்ல நிதானமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னாள். "என் பேச்ச மண்ணுக்குக் குடுக்குறேன். நீங்க எழும்ப விருப்பமா?" என்று முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

சேர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எழும்பியது, திரும்ப மடியில் விழுந்தது. வேண்டாம் என்று தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு விரல்களை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த தட்டு வருகிறதா என்று நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை.

அதன்பிறகு நடந்த ஆட்டத்தைப்போல் ஒன்றை நான் நடத்தியதில்லை. பேசுகிறவர்கள் நானும் மச்சானும்தான். மற்ற இருவரும் தட்டினார்கள், கையைக் காட்டினார்கள், முறைத்தார்கள். மச்சானுக்குச் சனி பிடித்ததுபோல் அவளைப் பேசவைக்கவே குறியாக இருந்தான். பன்வில அட்டையெல்லாம் ஒரு அட்டையா, எங்கள் பக்கத்து அட்டைதான் அட்டை என்றான். அவள் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சேரின் தோள் குலுங்கியது. சிரிப்புக்குச் சத்தம் தேவையில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

வினையும் அவனால்தான் வந்தது. பாழடைந்த கோட்டைக்குள் கள்வன் ஒரு கதவைத் திறக்கப் போனான். கதவுக்குப் பின்னால் பாதாளக் குழி. முன்பொரு ஆட்டத்தில் அவள் அட்டையாக ஊர்ந்து போய்ப் பார்த்துவந்த இடம் அது, அங்கே குழி இருப்பதை அன்று நான் அவள் காதில் மட்டுமே சொல்லியிருந்தேன். இரண்டு தட்டுத் தட்டினாள். மச்சான் அதையும் தன்னைச் சீண்டுவதாக எடுத்துக்கொண்டு, "கதவத் தொறக்கிறன்" என்றான். நான் தாயக்கட்டையை அவன் பக்கம் தள்ளினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. வாயிலிருந்து கைக்குட்டை விழுந்தது, உதடு பிரிந்தது. தொழிலே பேச்சாக இருப்பவளுக்கு அந்த இடத்தில் எப்படி அடங்கும்? போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

சேரின் கை மேசையில் இறங்கியது. தட், தட். ஒரு சிறு இடைவெளி. பிறகு தட தட தட தட. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

என்னவென்று யாரும் கேட்கவில்லை. வாறன், வழி விடு. இத்தனை வருடம் கேட்ட அந்தக் கூப்பாடு, அதே இழுப்பு, அதே வேகம், இம்முறை பலகையிலிருந்து வந்தது. சேர் கையை நீட்டி மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், கதையில் வீரன் கள்வனை இழுப்பதாக. தாயக்கட்டையை அவரிடம் கொடுத்தேன். உருட்டினார், போதுமான எண் விழுந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது, கீழே குழி, கள்வன் இந்தப் பக்கம் உயிரோடு. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வசதி உண்டு.

மழை விட்டபோது பஸ் நேரம் வந்துவிட்டது. விதி விதிதான். பொழுது சாய்ந்தது, வீரன் தேக்குமரத்தடிக்கு நடந்து போய்ப் படுத்துக்கொண்டான் என்று நான் கதையை நிறுத்தினேன். இனி நீ பேசலாம் என்று அவளுக்குத் தலையாட்டினேன். மச்சானுக்கு விழப்போகும் ஏச்சைக் கேட்க நாங்கள் தயாரானோம். அவன் கதிரையைச் சற்றுப் பின்னால்கூடத் தள்ளிக்கொண்டான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேரின் பக்கம் திரும்பினாள்.

"சேர், அன்னைக்கு அவசரத்துல பொதச்சிட்டோம். உங்க முறப்படி இப்ப எரிச்சிருவோமா?"

சேர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, தாயக்கட்டைகள் துள்ளி விழும்படி, இரண்டு தட்டுத் தட்டினார்.